கோப்பி ஊற்ற மறுத்த யசிந்தா

யசிந்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. மன்னாரிலிருந்து கணவர் சூசைதாசனோடு அகதியாக வந்து, தொழிற்சாலையொன்றில் பொதி கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்பிள்ளைகள் ஊரில், அக்காவின் வீட்டில். அவர்களை அழைக்க விண்ணப்பித்தாயிற்று. ஆனால் அது ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டு. தமிழருடைய குடும்ப விண்ணப்பங்களை டெனிஷ் நீதி அமைச்சு கிடப்பில் போட்டிருந்த காலம். கேட்டால், பொறுங்கள் என்றார்கள். பொறுமையா, யசிந்தாவுக்கா!

அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் இன்திசார். பாலஸ்தீனத்தில் பெற்றோரின் வீடும் நிலமும் பறிபோக, லெபனான் முகாமில் பிறந்தவள். அந்த முகாம் வீட்டையும் குண்டு தின்றது. இருவரும் அரைகுறை டெனிஷிலேயே மணிக்கணக்கில் கதைப்பார்கள், சண்டையும் பிடிப்பார்கள்.

அந்த வருட மகளிர் தினத்துக்கு ஊர்ப் பெண்கள் சங்கம் எடுத்த தலைப்பு, ‘பாலஸ்தீனப் பெண்ணின் விடுதலை’. பேசுவதற்கு நான்கு டெனிஷ் பெண்கள். இன்திசாருக்கும் யசிந்தாவுக்கும் சமையலறை. ரோல்ஸ் பொரிக்கவேண்டும், கோப்பி ஊற்றவேண்டும். தானும் பத்து நிமிடம் பேசலாமா என்று இன்திசார் கேட்டதற்கு, “இது பெண்கள் விஷயம், அரசியல் வேண்டாமே” என்று தலைவி கிர்ஸ்டன் தேன் வடியச் சிரித்தாள்.

சூசைதாசன் முதலே எச்சரித்திருந்தார். “எங்கட விண்ணப்பப் பைல் இந்த அரசாங்கத்தின்ர கையில கிடக்கு. மற்றவையின்ர பிரச்சினையில தலையை விட்டு, பிள்ளையளின்ர வரவைக் கெடுத்துப்போடாத.”

அதனால்தான் யசிந்தா வாயைக் கட்டிக்கொண்டு ரோல்ஸ் பொரித்தாள். மண்டபத்தில் ஒருத்தி, அந்த நாட்டு ஆண்கள் பெண்களை அடைத்து வைப்பதைப் பற்றி உருக்கமாக வாசித்தாள்.

“என்ர வீட்டை இடிச்சது என்ர புருஷனோ?” என்றாள் இன்திசார். அவள் கண் கலங்கியிருந்தது.

தன் பிள்ளைகளை மறித்துவைத்திருப்பதும் சூசைதாசன் இல்லையே என்று யசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இடைவேளை. கோப்பி இல்லாமல் டெனிஷ்காரரின் கூட்டம் ஓர் அங்குலம் நகராது. யசிந்தா கோப்பிப் பிளாஸ்க்குகளை இரண்டு கையாலும் அணைத்தபடி வாசலை மறித்து நின்றாள்.

“முதல்ல இன்திசார் கதைக்கட்டும். பிறகு கோப்பி.”

கிர்ஸ்டன் சிவந்துபோனாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது.

இன்திசார் மேடையேறினாள். “எங்களை எங்கட ஆம்பிளையளிட்ட இருந்து காப்பாத்த வேண்டாம். அவையோட நாங்களே சண்டை பிடிப்பம். எங்கட நிலத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறவையை எழும்பச் சொல்லுங்கோ. அந்தா வாசல்ல நிக்கிறாளே, அவளின்ர பிள்ளையளை மறிச்சு வைச்சிருக்கிறது உங்கட அரசாங்கம். அதையும் கேளுங்கோ.”

ஒருவரும் கோப்பியைத் தேடவில்லை. கடைசியில் கிர்ஸ்டன் எழுந்து, “நாங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டாள். அதைக் கேட்க அவளுக்கும் துணிச்சல் வேண்டியிருந்தது.

யசிந்தா யோசிக்கவேயில்லை. “சனிக்கிழமை சதுக்கத்துக்கு வாங்கோ. நாங்கள் முன்னுக்கு நிப்பம். நீங்கள் எங்களுக்குப் பின்னால நில்லுங்கோ.”

வந்தார்கள், குளிரிலும் சதுக்கம் நிறைந்தது. பாலஸ்தீனத்துக்கு ஒரு பதாகை, தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்று. பாலஸ்தீனப் பதாகையின் ஒரு முனையை யசிந்தா பிடித்தாள். மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடித் திரும்பினால், அதைத் தூக்கிக்கொண்டு நின்றவர் சூசைதாசன்.

“பைல்?” என்றாள் யசிந்தா.

“பிள்ளையள் வந்து, அண்டைக்கு அப்பா எங்க நிண்டவர் எண்டு கேட்டா, நான் என்னத்தைச் சொல்லுறது? உயத்திப் பிடி!”