ஆடி மாதத்தில் வந்த ஈஸ்டர்

என் மனைவிக்கு மறதி நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன. அதற்கு நான் பழகிவிட்டேன். மூக்குக்கண்ணாடியை அரிசிப் பானைக்குள் வைப்பாள், நான் தேடி எடுப்பேன், இருவரும் சிரிப்போம். ஆனால் போன ஆடியில் ஒரே வாரத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. என்னை மாடிக்குக் குடிவந்தவர் என்று நினைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது!

"வாங்க சார். ஒங்க வீட்டுக்காரம்மா இன்னும் ஊர்லேருந்து வரலையா?" என்று கேட்பாள். அவ்வளவு மரியாதை.

புதுக்கோட்டையில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "இவ்வளவு வேகமா குழப்பம் கூடுனா அது மறதி நோயா மட்டும் இருக்காதுங்க. சர்க்கரை ஏறியிருக்கலாம், எங்கயாச்சும் இன்ஃபெக்சன் இருக்கலாம். உள்ளுக்குள்ள அழற்சி இருந்தா சி.ஆர்.பி. டெஸ்ட் காட்டிக்குடுத்துரும். அதைச் சரிபண்ணுனா ஒங்களைப் பழையபடி அடையாளம் தெரியலாம்" என்றார். சர்க்கரை, கொழுப்புக்கும் சேர்த்து எழுதித் தந்தார். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டுமாம்.

அங்கேதான் வம்பு. முதல் நாள் நான் சட்டை மாட்டுவதற்குள் வாழைப்பழத்தை முழுங்கியிருந்தாள். மறுநாள் பழைய சோறு. "சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினேன். "நீங்க யாரு சார், என் வீட்டுல வந்து என்னைய அதட்டுறது?" என்றாள். நியாயமான கேள்விதான்.

அடுத்த நாள் கையில் பிஸ்கெட்டோடு நின்றவளிடம், "இன்னைக்கு ஒருசந்தி" என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். நாங்கள் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். தவக்காலத்தில் ஒருசந்தி விரதம் என்றால் மதியம் வரை அவளுக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பிஸ்கெட் டப்பாவுக்குள் திரும்பிப் போனது. பஸ்ஸில் முக்காடு போட்டுச் செபம் சொல்லிக்கொண்டே வந்தாள். திருக்கோகர்ணத்து லேபில் ஊசி குத்தும்போதும் வாய் நிற்கவில்லை.

ரத்தம் எடுத்தாயிற்று. இப்போது மகராசி சாப்பிட மாட்டேன் என்கிறாள்! சாப்பிட்டால்தானே வழக்கமான மாத்திரையைப் போடலாம்? கெஞ்சினேன், மிரட்டினேன். "மதியம் மணி அடிக்கட்டும் சார்" என்றாள். கடுப்பில் நடுரோட்டில் நின்று, "ஈஸ்டர் வந்துருச்சு! ஆண்டவர் உயிர்த்துட்டாரு!" என்று கத்திவிட்டேன். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தவக்காலம் முழுக்கக் கறி தொடாதவள், முகம் மலர்ந்து, "அப்ப, கறி எங்க?" என்றாள். கொழுப்புக்கு ரத்தம் கொடுத்த கையோடு, ஓட்டலில் இட்லியையும் ஆட்டுக்கால் பாயாவையும் ஒரு பிடி பிடித்தாள்.

ரிசல்ட்டில் சி.ஆர்.பி. எகிறியிருந்தது, சர்க்கரையும்தான். மேற்கொண்டு பார்த்ததில் சிறுநீரில் கிருமி. டாக்டர் எழுதிய மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தேன். "தேங்க்ஸ் சார்" என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்தச் 'சார்' ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தியது.

பிறகு ஒரு நாள் காலை காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள் குரல்.

"ஏங்க, ஆடி மாசத்துல எங்கிட்டு ஈஸ்டர் வரும்? ஒருசந்தின்னு பட்டினி போட்டு, பொய் சொல்லிக் கறியும் திங்க வச்சீங்கள்ல? சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணீங்களா இல்லையா?"

காப்பி கையில் கொட்டியது. சுடவே இல்லை. மறதி எங்கேயும் போய்விடவில்லை, கண்ணாடி அன்றைக்கும் அரிசிப் பானையில்தான் கிடந்தது. இருந்தால் என்ன! "பண்ணிடுறேன்டி, ஞாயித்துக்கிழமையே பண்ணிடுறேன்" என்று அழுதுகொண்டே சிரித்தேன்.

மாடிக்காரரின் வீட்டுக்காரம்மா ஊரிலிருந்து வந்துவிட்டாள்.