கலியமூர்த்தி பேர் மாற்றிய கல்யாணப் படங்கள்

செய்தி வந்தபோது விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் மேடை விளக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்து தெரியாது. அதனால் போனில் ஒவ்வொருவருக்கும் அவரவர் முகத்தைப் பதிந்து வைத்திருக்கிறேன். கலியமூர்த்தி முகம் சிரித்துக்கொண்டு வந்தது. எடுத்து, "இன்னா கலியமூர்த்தி, சாப்ட்டியா?" என்றேன். பேசியது அவர் மகள் பொன்னி. "பெரியப்பா, அப்பா நம்மள வுட்டுட்டுப் பூட்டாரு" என்றாள்.

விழுப்புரம், திண்டிவனம் ஸ்டுடியோக்காரர்களே, உங்களில் அவரிடம் ஒரு உதவியாவது வாங்காதவர் இல்லை. நான் சொல்லச் சொல்ல இதை நம் போன் குரூப்பில் தட்டுவது பொன்னிதான். நடுநடுவே சிரித்துவிட்டு நிறுத்துகிறாள். சிரிக்கட்டும். அவள் அப்பனைப் பற்றிப் பேசினால் சிரிப்புத்தான் வரும்.

திண்டிவனம் ஸ்டுடியோவில் அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பார், நான் கல்யாணங்களில் விளக்குப் பிடிப்பேன். நரைத்துப்போன பிறகும் எனக்கு 'லைட் பாய்' என்றுதான் பெயர். அதைச் சொல்லி ஒருநாள் அலுத்துக்கொண்டேன். "பாய்ங்கறது வயசு இல்லண்ணே, பதவி. ரிட்டயர்மெண்ட்டே கெடயாது" என்றார்.

ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா போகும். ஆயிரக்கணக்கில் படம் வரும். கேமரா தானாக வைக்கும் பெயர் ஏதோ எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஆல்பத்துக்குப் படம் பொறுக்க எந்த வீட்டாராலும் முடியாது. 'மேடை நாற்பது', 'பந்தி பத்து' என்று மாற்றிக் கொடுத்தால் போனிலேயே சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு படமாக மவுசால் மாற்றிக்கொண்டிருக்க, இவர் கறுப்புத் திரையில் நாலு வரி தட்டுவார். கம்ப்யூட்டருக்கு இடும் அந்தக் கட்டளைகளை ஷெல் ஸ்கிரிப்ட் என்பார். டீ ஆறுவதற்குள் அத்தனை படமும் புதுப் பெயரோடு நிற்கும்.

அதுவும் போதவில்லை அவருக்கு. "ஒரே ஆளு பரிமாறினா கடைசி எலைக்குப் போறதுக்குள்ள மொத எல காஞ்சிடும்ண்ணே. மூணு ஆள ஒரே நேரத்துல எறக்கப் போறேன்" என்றார். கேமராவுக்கு ஒன்றாக மூன்று வேலையைச் சேர்ந்தாற்போல ஓடவிட்டார். அன்று கையில் இருந்தவை மரக்காணத்துப் பக்கம் ஒரு மீனவக் குடும்பத்துக் கல்யாணப் படங்கள்.

இமைக்கும் நேரத்தில் முடிந்தது. பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு படம்தான் இருந்தது. மூன்று வேலையும் தனித்தனியே ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து போட்டிருக்கின்றன. 'மேடை ஒன்று' என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருக்க, அதே பெயரில் இன்னொன்று வந்தால் பழையது நகர்ந்து இடம் கொடுக்காது. அழிந்துபோகும்.

எனக்கு உடனே மணப்பெண் தனலட்சுமிதான் நினைவுக்கு வந்தாள். அவள் அண்ணன்மார் ஏழுமலையும் வேலுவும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். தங்கை கெஞ்சியதில், ஒரே ஒரு படத்துக்கு மேடையில் சேர்ந்து நின்றார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு திசை. "எனக்கு வேற எந்தப் படமும் வேணாங்க, அத மட்டும் பத்தரமா குடுங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் முதல் கேமராவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கேமரா பந்தியில் இருந்தது. எடுத்தது இரண்டாவது கேமரா மட்டும்தான். அதைக் கலியமூர்த்தியிடம் சொல்லி, அந்தப் படமும் போயிருக்குமோ என்றேன். மற்ற இரண்டு கார்டும் ஸ்டுடியோவிலேயே இருந்தன, அந்தக் கேமராவின் மெமரி கார்டோ அன்று காலையில்தான் கூட்டேரிப்பட்டில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தது, போட்டோகிராபர் சேகரோடு.

முதலாளி தடுத்தார். "மொதல்ல தேடிப் பாரு, ஊருக்கெல்லாம் சொல்லி மானத்த வாங்காத" என்றார். கலியமூர்த்தி அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். "மானம் அப்பறமா கெடைக்கும் மொதலாளி, படம் கெடைக்காது."

சேகர் கார்டை அழித்துவிட்டு, முதல் படத்துக்குக் கேமராவைத் தூக்கியிருந்தார்.

"சேகரு, பட்டன அமுத்தாத. நான்தான் தப்பு பண்ணிட்டேன். அழிச்ச கார்டுலருந்து எடுத்துடலாம், மேல ஒரு படம் ஏறிட்டா முடியாது."

"மாமன் சீர்த்தட்டோட நிக்கிறாருண்ணே, இன்னா சொல்றது?"

"நிக்கச் சொல்லு. தாய்மாமன்னா நிப்பாரு."

வேறு கார்டோடு இருவரும் பைக்கில் பறந்தோம். போய்ச் சேர்ந்தபோது மாமன் அதே இடத்தில்தான் நின்றார். தட்டு மட்டும் அவர் சம்சாரம் கைக்கு மாறியிருந்தது.

படங்கள் மீண்டன. மறுபடியும் மூன்று வேலையைத்தான் சேர்ந்தாற்போல ஓடவிட்டார், மனிதர் அதை விடவில்லை. ஆனால் இந்த முறை கேமராவுக்கு ஒரு எழுத்தைப் பெயர் முன்னால் ஒட்டினார். முதலில் எதையும் மாற்றாமல், எது எதுவாக மாறும் என்று திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தார். "கைய வெக்கறதுக்கு முன்னாடி வாயால சொல்ல வெக்கணும்ண்ணே" என்றார். அதன்பின் இந்த வட்டாரத்தில் யார் ஸ்கிரிப்ட் கேட்டாலும் அந்த ஒத்திகையோடுதான் கொடுத்தார்.

ஆல்பம் கொடுக்க மரக்காணம் போனபோது, கேட்காமலேயே தனலட்சுமியிடம் நடந்ததைச் சொன்னார். அண்ணன்மார் இருவரும் வந்திருந்தார்கள், எதிரெதிர்ச் சுவரோரமாக. வேலு, "நான் எங்க அவரு பக்கத்துல நின்னேன்?" என்றார். தனலட்சுமி படத்தை விரித்தாள். வேலுவின் கை அண்ணன் தோள்மேல் கிடந்தது. ஏழுமலை வெகுநேரம் பார்த்தார். பிறகு கலியமூர்த்தியிடம், "இதுல ஒன்னு பெருசா போட்டுக் குடுங்க. அவன் கைய வெட்டிடாம போடுங்க" என்றார். வேலு தலையைக் குனிந்துகொண்டே, "எனக்கும் ஒன்னு" என்றார்.

எல்லோரும் அவருடைய கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிறீர்கள். ஸ்கிரிப்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது புரியாது. தப்பு நேர்ந்த அந்த நிமிஷமே 'நான்தான்' என்று சொல்ல அவர் போனை எடுத்த வேகம் இருக்கிறதே, அதை நான் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் வளவனூர் மண்டபத்தில் என் கை பட்டு ஒரு விளக்கு விழுந்து உடைந்தது. யாரும் பார்க்கவில்லை. கண்ணாடிச் சில்லின் சூடு ஆறுவதற்குள் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டேன்.