முதல் ஆட்டத்திலேயே என் வீட்டுக்காரர் வைத்த ஆல் இன்

என் வீட்டுக்காரர் முதல் ஆட்டத்திலேயே தன் பட்டன்கள் அத்தனையையும் நடுவில் தள்ளிவிடுவார். கையில் வந்த இரண்டு சீட்டையும் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். "ஆல் இன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். போக்கர் மேசையில் இருக்கும் மற்ற ஐந்து பேருக்கும் அப்புறம் இரண்டே வழிதான். சீட்டை மடித்துப் போட்டுவிடலாம், இல்லையென்றால் தங்களிடம் இருப்பதையும் மொத்தமாக வைத்து அவரைக் கூப்பிடலாம். அந்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. நான் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். அவர் வேறொரு கம்பெனியில் துணிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்து கொடுத்த ஓர் அண்ணன் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் குடியிருந்தார். கீழே மிஷின்கள், மாடியில் வீடு. சில வருடம் சிங்கப்பூரில் இருந்தவர். போக்கரை அங்கேயிருந்துதான் கொண்டுவந்தார். ஞாயிறு மத்தியானம் மகளை அவிநாசியில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் அங்கே போய்விடுவோம்.

ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஆடும் சின்ன டோர்னமெண்ட். காசுக்குப் பதிலாக மேசையில் போலோ சட்டைக்கு வாங்கி மிஞ்சிப்போன பட்டன்கள். எல்லோருக்கும் ஒரே அளவு. தீர்ந்துவிட்டால் மறுபடி வாங்க முடியாது, எழுந்துகொள்ள வேண்டியதுதான். கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் ஜெயித்தவர்.

அவர் அப்படித் தள்ளும்போது பெரும்பாலும் எல்லோரும் மடித்துப் போட்டுவிடுவார்கள். அவருக்குக் கிடைப்பது, ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் கட்டாயமாக வைத்தாக வேண்டிய சில பட்டன்கள் மட்டும். அந்த நாலைந்து பட்டனுக்காக எதற்கு எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

"ஏனுங்க, எதுக்கு இப்பிடிப் பண்றீங்க?" என்று ஒருநாள் வண்டியில் திரும்பும்போது கேட்டேன்.

"ஆரம்பத்துலயே ரெண்டு மடங்காச்சுன்னா அப்பறம் நிம்மதியா உக்காந்துக்கலாம் புள்ள."

வேறொரு நாள் கேட்டதற்கு, தனக்குப் பொறுமை இல்லை என்றார். இன்னொரு நாள் சும்மா சிரித்தார்.

முதல்முறை நான் அவரைக் கூப்பிட்டபோது என் கையில் ஏஸும் ராஜாவும் இருந்தன. அவர் வழக்கம்போல் சீட்டைப் பார்க்காமலே தள்ளியிருந்தார். என்ன சீட்டு என்று தெரியாத ஒருவரை இதைவிட எதை வைத்து எதிர்ப்பது? "கூப்படறனுங்க" என்றேன். அவர் திருப்பினார். ஒன்பதும் நாலும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த ஐந்து சீட்டில் ஒரு ஒன்பது வந்து அவருக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. ஏஸும் வரவில்லை, ராஜாவும் வரவில்லை. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நான் எழுந்துகொண்டேன்.

அன்றைக்கு மூன்று மணி நேரம் சமையலறையில் இருந்தேன். அண்ணனின் மனைவிக்கு ஆட்டத்தில் விருப்பமில்லை; அந்த அக்காவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன், பஜ்ஜிக்கு மாவு கரைத்தேன். தோற்றதில் வருத்தமில்லை. வாரம் முழுக்கச் சாயம் சரிபார்க்கும் லேப் டிப், கூரியர், வெளிநாட்டு பையரின் மெயில் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலி ஒன்றுதான் மிச்சம். அதிலும் ஐந்து நிமிஷத்தில் எழுந்துவந்து வெங்காயம் உரிக்கிறேனே என்றிருந்தது. அங்கே மேசையில் என் வீட்டுக்காரர் என் பட்டன்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்தான் ஜெயித்தார்.

திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே கணக்காளராக வேலைபார்த்த ஒருவர் எங்களோடு ஆடுவார். கணக்குத் தெரிந்தவர் என்பதால் அவரிடம் கேட்டேன், நான் செய்தது தப்பா என்று.

"தப்பே இல்ல மேடம். அந்தச் சீட்டு மூணு தடவைக்கு ரெண்டு தடவ ஜெயிக்கும்லா."

"ஆனா தோத்துட்டேனுங்களே."

"சரியாச் செஞ்சாலும் தோக்கலாம்லா. நூறு ஆட்டம் ஆடிப் பாருங்க, தெரியும்."

நான் ஆடுவதோ வாரத்துக்கு ஒரு டோர்னமெண்ட். நூறு முடிய இரண்டு வருடம் ஆகும். அதுவரை மூன்றில் ஒரு ஞாயிறு வெங்காயம் உரிப்பதா?

அதற்குப் பிறகு மடித்துப் போட ஆரம்பித்தேன். ஒருமுறை இரண்டு ஜாக்கி வந்தும் மடித்தேன். என் வீட்டுக்காரர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஏழும் இரண்டும், இருப்பதிலேயே மட்டமான சீட்டு. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்: "ஏம்மா, ஊட்டுக்காரருன்னு உட்டுக் குடுக்கறீங்களா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே மேசைல உக்காரக் கூடாதுன்னு ரூல் போட்டறலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் என்னோடேயே வந்துவிட்டது. நான் அவருக்கு விட்டுக்கொடுத்தேனா, நாற்காலிக்காக மடித்தேனா? ஜாக்கியைப் பார்த்த அந்த நொடியில் என்ன நினைத்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஆபீஸில் ஸ்டைல் ஷீட்டின் பின்பக்கத்தில் எந்தச் சீட்டு வந்தால் கூப்பிடுவது என்று ஒரு பட்டியல் எழுதினேன். அடுத்த நாள் அதையே அடித்துத் திருத்தினேன். கடைசியில் எது கோடு, எது எழுத்து என்றே தெரியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் ஆட்டம். எனக்கு இரண்டு ராணி வந்தது. எனக்கு முன்னால் ஆட வேண்டிய என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி தூக்கிப் பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் தள்ளினார்.

பார்க்காமல் தள்ளியிருந்தால் அவரிடம் எதுவும் இருக்கலாம். என் ராணிகள் ஐந்துக்கு நாலு தடவை ஜெயிக்கும். பார்த்துவிட்டுத் தள்ளுகிறார் என்றால்? அவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருடமாகப் பார்க்கிற முகம், ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்தால் அண்ணன் மறுபடி அதே பேச்சைப் பேசுவார். அந்தப் பேச்சுக்குப் பயந்து கூப்பிட்டால் அது சீட்டுக்காகக் கூப்பிட்டதாகாது. மற்றவர்கள் மடித்துவிட்டார்கள். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். டீயில் ஆடை படிந்தது.

"என்னம்மா, டீ ஆறுது," என்றார் அண்ணன்.

"கூப்படறனுங்க" என்றேன். யோசித்து முடித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் திருப்பினார். ஏஸும் ராஜாவும். நடுவில் ஐந்து சீட்டையும் திறந்தார்கள். இரண்டுமே வரவில்லை. என் ராணிகள் நின்றன. அவர் எழுந்து, "நல்லாக் கூப்புட்ட" என்று சொல்லிவிட்டு சமையலறைப் பக்கம் போனார்.

என் முன்னால் பட்டன்கள் குவிந்திருந்தன. ஆனால் ஆட்டத்தில் மனம் நிற்கவில்லை. உள்ளே அவர் அக்காவோடு பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேசையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் இரண்டாவதாக வந்தேன், கணக்காளர் ஜெயித்தார்.

மகளைக் கூட்டிவர அவிநாசிக்குப் போகும் வழியில் கேட்டேன். "இன்னிக்கு மட்டும் ஏனுங்க சீட்டப் பாத்தீங்க?"

வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "அன்னிக்கு நீ போயி மூணு மணி நேரம் உள்ள உக்காந்துட்ட. நான் ஜெயிச்சுட்டே இருந்தேன், எந்திரிச்சு வரல. வந்திருக்கோணும். அதுக்கப்பறம் உனக்குத்தான் தள்ளிட்டிருந்தேன், என் பட்டன நீ எடுத்துக்கட்டும்னு. நீதான் கூப்படவே இல்ல."

"அதுக்கு முன்னாலயும் தள்ளுனீங்களே?"

"அது வேற."

"எனக்குக் குடுக்கோணும்னா எதுக்கு ஏஸும் ராஜாவும் வெச்சுட்டுத் தள்ளறீங்க? அது ஜெயிக்கிற சீட்டாச்சே."

"அது தானா வந்துச்சு புள்ள. வந்தா என்ன பண்றது?"

அவர் சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல சீட்டைப் பார்த்து ஆசையில் தள்ளிவிட்டு, தோற்ற பிறகு இப்படிச் சொல்கிறாரோ? இல்லை, நிஜமாகவே இத்தனை வாரம் எனக்காகத் தள்ளியிருந்தால், மடித்து மடித்து அவரைத் தனியாக விட்டது நானா? பின்னால் உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன பிரயோசனம், மேசையில் நேருக்கு நேராகப் பார்த்தும்தான் ஒன்றும் தெரியவில்லையே.

அடுத்த ஞாயிறு முதல் ஆட்டத்தில் அவர் சீட்டைப் பார்த்தார், அமைதியாக மடித்துப் போட்டார். இரண்டாவதிலும் அப்படியே. எல்லோரையும்போல நிதானமாக ஆடினார். இனி அவரைக் கூப்பிடுவதா மடிப்பதா என்று நான் குழம்ப வேண்டியதில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்காகத்தான் தள்ளினாரா என்று இனிமேல் தெரிந்துகொள்ளவே வழியில்லை; எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.