காக்கை இல்லாத ஊரில் ஒரு பிடி சோறு

மட்டாஞ்சேரியில் குஜராத்தித் தெருவுக்குப் பின்புறம், இரண்டு அறை வீட்டில் குடியிருந்த திரிபுரசுந்தரிக்கு இரண்டே பிடிவாதங்கள். காலையில் வடித்த சோற்றில் ஒரு பிடி எடுத்து, நெய் விட்டு, இலைத்துண்டில் வைத்துக் காக்கையைக் கூப்பிடும் வரை அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. இரண்டாவது, அவள் கழுத்துத் தாலியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தவர்களுக்கு அதற்கப்புறம் அந்த வீட்டில் காபி கிடையாது.

அவள் புருஷன் ராமபத்ரன் கப்பலில் எலக்ட்ரீஷியன். கல்யாணமான வருஷமே வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் ஒரு இரும்புக் கம்பி அறுந்து விழுந்து இடது கால் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டு போயிற்று. மீதி ஆளைக் கடல் எடுத்துக்கொண்டது 1994 ஐப்பசியில். வியட்நாம் கரைக்குக் கொஞ்சம் தள்ளிப் புயலில் கப்பல் முழுகியது. பிழைத்தவர்கள் பட்டியலிலும் அவர் இல்லை, கிடைத்த உடல்களிலும் இல்லை. ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா புருஷன் பேரைக் கேட்டபோது சுந்தரி தன் மைத்துனர் அனந்தநாராயணன் முகத்தைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார். கட்டியவர் பேரை வாயால் சொல்லும் பழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. யாராவது கேட்டால் ரேஷன் கார்டை எடுத்து நீட்டுவாள்.

அதற்குப் பிறகு அவள் ஊருக்குச் சமைத்தாள். பாலக்காட்டுச் சமையலோடு குஜராத்திகளின் டோக்ளாவும் உந்தியூவும் கைவந்தன. சேட்டுகள் வீட்டு விசேஷம் எதுவும் அவள் இல்லாமல் நடக்காது என்று ஆயிற்று. காக்கைக்கு வைக்கும்போது மாமனாரை நினைப்பாள், மாமியாரை நினைப்பாள், தன் அப்பாவை நினைப்பாள். புருஷனை மட்டும் அந்தச் சோற்றில் சேர்க்கமாட்டாள். சேர்த்தால் போய்விட்டார் என்று அவளே சொன்னதாகிவிடும்.

2006 ஆடியில் அனந்தநாராயணன் காக்கநாட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். "மன்னி, ஐப்பசியோட பன்னெண்டு வருஷம் முடியறது. காணாமப் போனவாளுக்கு அதுதான் கெடு. தர்ப்பையில ஒரு உருவம் பண்ணி, காரியத்தை முடிச்சுடலாம்" என்றார். சுந்தரி அவருக்குக் காபி கொடுக்கவில்லை. ஆனால் முடியாது என்றும் சொல்லவில்லை. ஒரு டூருக்குச் சமைக்கப் போகிறேன், வந்து சொல்கிறேன் என்றாள். எந்த நாட்டுக்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

டூர் கம்பெனி ஷாஜியுடையது. மட்டாஞ்சேரிக் கரிப்பாலத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்தான், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். வெளிநாட்டுக்குப் போனால் பட்டினி கிடக்க வேண்டும் என்று பயப்படும் சைவக்காரர்களைச் சமையல்காரியோடு கூட்டிப்போவது அவன் வியாபாரம். பயணிகள் பதினாலு பேர், ஷாஜி, சுந்தரி. ஆகப் பதினாறு.

வியட்நாமில், சைகோனில் வழிகாட்டியாக வந்து சேர்ந்தவள் லான். நாற்பது வயது இருக்கும், நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷ் பேசுவாள். ஒவ்வொரு முறை பஸ் கிளம்பும்போதும் சீட்டின் மேல்விளிம்பை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வருவாள். முதல் நாள் பதினாறு. இரண்டாம் நாள் பதினேழு. லான் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்ப எண்ணினாள். திரும்பவும் பதினேழு. ஷாஜி எண்ணினான், பதினாறு. எண்ணத் தெரியாத கைடை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சேட்டுகள் சிரித்தார்கள்.

ஊர் என்னவோ அழகுதான். ஹுவேயில் சின்னஞ்சிறு கிண்ணங்களில் அரிசிமாவை வேகவைத்துக் கொடுத்தார்கள், குட்டி இட்லிதான். மேலே தூவும் இறால் பொடி மட்டும் வேண்டாம் என்று சுந்தரி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். இன்னோரிடத்தில் மஞ்சள்பொடி போட்ட தோசையை மொறுமொறுவென்று வார்த்து, உள்ளே கீரையும் முளைகட்டிய பயறும் வைத்து மடித்தார்கள். மலைப்பாதையில் ஏறினால் ஒரு பக்கம் மேகம், மறுபக்கம் கீழே கடல். ஹோய் ஆன் ஆற்றில் நம்ம ஊர் சீன வலை மாதிரியே வலைகள் எழுந்து இறங்கின. இவ்வளவு தூரம் வந்தும் ஃபோர்ட் கொச்சிக் கரையிலேயே நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த நினைப்பு ஏனோ பிடிக்கவில்லை.

போன இடமெல்லாம் ஓட்டல்காரர்கள் ஒரு கிண்ணம் அதிகம் வைத்தார்கள். அதிகம் என்று சொன்னால் திகைப்பாய்ப் பார்த்துவிட்டு எடுத்தார்கள். மழை ஒரு சொட்டு கிடையாது, வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் பஸ்ஸின் கடைசி சீட் தினமும் காலையில் நனைந்திருக்கும். காய்ந்தபின் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். ஏசி ஒழுகுகிறது என்றான் டிரைவர். ஏசித் தண்ணீரில் உப்பு ஏது என்று யாரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் காலை, ஹோய் ஆனில், ஓட்டல் வாசல் மதிலில் அவள் சோற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரில் லான். யாருக்கு என்று கேட்டாள். காக்கைக்கு என்று சுந்தரி கையை விரித்துப் பறந்து காட்டினாள். இந்த ஊரில் காக்கையைப் பார்த்தாயா என்றாள் லான். சுந்தரி யோசித்தாள். பார்க்கவில்லை. தினமும் சோறு மட்டும் போயிருந்தது. இலையில் ஈரமும் மணலும் இருந்தன.

லான் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விளக்கினாள். எங்கள் பஞ்சாங்கத்தில் இது ஏழாம் மாதம். வழி தவறிய ஆவிகளுக்குக் கதவு திறந்திருக்கும் மாதம். சொந்தக்காரர்களுக்கு வீட்டுக்குள்ளே பேர் சொல்லிப் படைப்பார்கள். வாசலில் வைக்கும் சோறு, போக இடமில்லாதவர்களுக்கு. தெருவில் வைத்துவிட்டு யாரையும் குறிப்பிடாமல் கூப்பிட்டால் பசித்தவன் வருவான், பின்னாலேயே வருவான்.

"நீ முதல் நாளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். ஒருவர் வந்துவிட்டார். நான் தினமும் எண்ணுகிறேன்" என்றாள்.

அது யார் என்று எப்படித் தெரியும் என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டாள் சுந்தரி. உன்னைச் சேர்ந்தவராக இருந்தால் பேர் சொல்லி உள்ளே கூப்பிடு, வருவார், இல்லாவிட்டால் வாசலிலேயே நின்றுவிடுவார் என்று சொல்லிவிட்டு லான் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று ஒரு தீவுக்குப் படகில் போனார்கள். படகுக்காரன் எண்ணிப் பார்த்துப் பதினேழு மிதவைச் சட்டை கொடுத்தான். ஒன்று யாரும் போடாமல் பலகையில் கிடந்தது. இறங்கும்போது அதுவும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தீவில் சவுக்கு மரங்களுக்கு நடுவே வரிசையாக மணல் மேடுகள். அவற்றில் உடல் இல்லை என்றாள் லான். கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்குக் களிமண்ணில் உருவம் செய்து, முசுக்கொட்டைக் குச்சிகளை எலும்பாக வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு அதில் வந்து படுக்கச் சொல்வார்களாம். பிறகு புதைப்பார்களாம். சுந்தரிக்கு மைத்துனர் சொன்ன தர்ப்பை நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் இளநீர் குடிக்கப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். யாரோ மூச்சு விடும் தூரத்தில் நிற்பதாகப் பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து, யாரும் இல்லாவிட்டால் ஒரு கஷ்டம், இருந்துவிட்டால் பெரிய கஷ்டம்.

அவளுக்கு இருந்த பயம் ஆவியைப் பற்றியதல்ல. கூப்பிட்டு, உள்ளே வந்துவிட்டால், பன்னிரண்டு வருஷமாக அவள் கட்டிக் காத்த ஆள் அன்றோடு செத்துப்போவார். வராவிட்டால் எங்கேயோ உயிரோடு இருக்கலாம். கூப்பிடாமலே ஊர் திரும்பிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் வெளியில் நிற்பது அவராகவே இருந்தால்? ஆறு நாளாக மதில் சோற்றைத் தின்றுகொண்டு, நனைந்த துணியோடு கடைசி சீட்டில் உட்கார்ந்து, சொந்தப் பெண்டாட்டி பின்னாலேயே அலைவது அவராகவே இருந்தால்?

மறுநாள் காலை எட்டு மணி, நல்ல வெயில். சமையலுக்கென்று ஷாஜி எடுத்துக் கொடுத்திருந்த தரைத்தள அறையில் பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பூசணிக்காய் மொளகூட்டல் செய்தாள். அவருக்கு அதுதான் உயிர். சந்தையில் வாங்கிய வாழையிலையைத் தரையில் போட்டு, சோறும் மொளகூட்டலும் பரிமாறி, கதவை விரியத் திறந்து வைத்தாள். வாசலில் காய்ந்த சிமெண்டுத் தரை, யாரும் இல்லை.

"கேட்டேளா, வாங்கோ" என்றாள். எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான். ஒன்றும் நடக்கவில்லை. வாசலில் ஒரு ஈரத் திட்டு மட்டும் மெல்லப் பரவி, படியோடு நின்றது.

பேர் சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ராமபத்ரன்" என்றாள். தன் குரலே யாருடையதோ மாதிரி கேட்டது. "ராமபத்ரன், உள்ளே வாங்கோ. சாதம் ஆறிண்டிருக்கு."

கடல் வாடை முதலில் வந்தது. பிறகு வெள்ளைத் தரையில் ஒரு ஈரக் காலடி. அடுத்து இன்னொன்று. அவசரமில்லாமல், வேலை முடித்து வருகிற ஆள் மாதிரி, இலை வரைக்கும் வந்து நின்றன. சுந்தரி குனிந்து பார்த்தாள். வலது காலில் ஐந்து விரல். இடது காலில் நாலு.

அவள் இலைக்கு எதிரில் உட்கார்ந்து, ஈரம் காய்கிற வரைக்கும் விசிறினாள். பன்னிரண்டு வருஷம் அழாததை அப்போது அழுதாள்.

பஸ்ஸில் லான் சீட்டுகளைத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். பதினாறு. சுந்தரியைப் பார்த்துத் தலையசைத்தாள். கணக்கு ஒருவழியாகச் சரியாயிற்று என்று ஷாஜி சந்தோஷப்பட்டான். சுந்தரி எழுந்துபோய்க் கடைசி சீட்டில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பதினேழாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது.

ஷாஜியின் செல்போனை வாங்கி மைத்துனரைக் கூப்பிட்டாள். தர்ப்பைக்குச் சொல்லி வைத்துவிடுங்கள், ஐப்பசியில் காரியம் நடக்கட்டும் என்றாள். ஆபீஸ் இரைச்சலில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. யாருக்கு என்றார்.

"ராமபத்ரனுக்கு" என்றாள் சுந்தரி.

மன்னியின் வாயால் அண்ணன் பேரை அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை.