ஆணி இறங்காத ஓக்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்கில் ரொறன்ரோவுக்குக் குடிவந்த அன்று, பதினெட்டாம் மாடிக்குப் பயந்து அம்மா பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தார். முருகன் படத்துக்காக நான் அடித்த ஆணி கொங்கிரீட் சுவரில் இறங்காமல் வளைந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடி ஆறு வயது.

அப்போது இங்கிலாந்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த பழைய பண்ணைவீடு. சாய்ந்த ஓக் மரத் தூண்கள், அவற்றுக்கிடையே சுண்ணாம்புச் சுவர். உத்தரங்களைப் பிணைத்தவை வெறும் மரமுளைகள். ஓர் இரும்பாணிகூட இல்லாமல் நூற்றாண்டுகளாக நிற்கிறதாம்! நான் வாய்பிளந்து அண்ணாந்து நின்றேன்.

"உது இண்டைக்கே விழும். நான் இஞ்ச இருக்கமாட்டன்," என்றார் அம்மா.

அவரைச் சமாதானப்படுத்த, முருகன் படம் மாட்டவென்று அப்பா தூணில் ஆணி அடித்தார். மூன்று ஆணிகளும் வளைந்தன. அம்மா தூணைத் தடவிப் பார்த்தார்.

"ஆணியே இறங்காத மரம் எங்க விழப்போகுது? இஞ்சாருங்கோ, பெட்டியைத் திறவுங்கோ."

இப்போது, கொங்கிரீட்டில் வளைந்த என் ஆணியை அம்மாவிடம் காட்டினேன். அவர் பெட்டியைவிட்டு எழுந்தார்.