பானெட்டுக்குப் பின்னால் கோமதி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து சாயா குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். இஞ்சினுக்குள் கை விட்டே பிழைத்தவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். பெட்ரோல் வரவில்லை, காற்று அதிகம், பொறி இல்லை, இந்த மூன்றுக்குள் உலகமே அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வாசலில் ராணுவத்தில் கழித்துக் கட்டிய பழைய ஜீப். ஏலக்காய் வியாபாரிகளை மலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போவதுதான் என் பிழைப்பு. செங்குத்தான ஏற்றத்தில் வண்டி சாய்ந்தால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற பழைய கார்பரேட்டரில் பெட்ரோல் வழிந்து இஞ்சின் நின்றுவிடும். இரண்டு தடவை பள்ளத்தின் விளிம்பில் நின்று உயிர் போய் வந்தது. அதனால் ஒரு காரிலிருந்து கழற்றிய வேறு கார்பரேட்டரைத் தேடிப் பிடித்து வைத்திருந்தேன்.

கார்பரேட்டரை டியூன் செய்ய இரண்டு பேர் வேண்டும். திருகாணியைத் திருக ஒருவர், ஆக்ஸிலேட்டரை மிதிக்க ஒருவர். எங்கள் வீட்டில் மிதிப்பவள் என் மனைவி கோமதி. பானெட்டைத் தூக்கிக் கண்ணாடியில் சாய்த்துவிட்டால் அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. "கூட்டு" என்பேன், கூட்டுவாள். "விடு" என்பேன், விடுவாள். "போதும்" என்று சொன்னால்தான் இறங்குவாள். அந்தச் சத்தத்தில் பதில் பேச முடியாது, ஆனால் நான் எது சொன்னாலும் முதலில் பெடலை லேசாக ஒரு தட்டுத் தட்டுவாள், இஞ்சின் 'ம்' என்று ஒரு தடவை உறுமும், அப்புறம்தான் சீராக ஏறும். சமையலறையில் என் பேச்சைக் காதில் வாங்காமலே 'ம்' போடுவாளே, அதே 'ம்'. ஞாயிற்றுக்கிழமை காலையில் கையெல்லாம் தோசை மாவோடு வந்து உட்கார்ந்து வெறுங்காலால் மிதிப்பாள். பெட்ரோலும் சுக்கும் கலந்த அந்த வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. அவ்வளவு சந்தோஷமாக அப்புறம் நான் இருந்ததில்லை, சும்மா சொல்லவில்லை.

அன்றைக்கு பந்த். பஸ் இல்லை, டாக்ஸி இல்லை, கடை இல்லை. கார்பரேட்டர் மாற்ற இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? கழற்றுவதற்கு முன் பழையதின் ஓட்டத்தை ஒரு தடவை காதில் வாங்கிக்கொள்ளலாம் என்று கோமதியைக் கூப்பிட்டேன்.

"காலம்பறல இருந்து வயித்துல ஒரு பிடிப்பு. ஓடுற வண்டிய எதுக்காக்கும் இப்ப பிரிக்கிறீங்க?"

"வயித்துல வெறும் காஸ்தான். அஞ்சு நிமிஷம் மிதி."

ஐந்து நிமிஷம் அரை மணி நேரமானது. மிதித்துக்கொண்டே இருந்தாள். நான் கழற்ற ஆரம்பித்தபோது பெடலிலிருந்து வரும் ஆக்ஸிலேட்டர் கம்பி தொங்கிக்கொண்டு கையில் இடித்தது. பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரை எடுத்து, கம்பியை ஓரமாக இழுத்து அவளே கட்டி முடிச்சும் போட்டாள். நான் "போதும்" என்று சொல்வதற்கு முன்பே உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தரையில் கிடக்கிறாள், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. சுக்கு மூட்டை இழுக்கிற வர்கீஸ் சேட்டன்தான் பக்கத்து வீடு. அவருடைய கைவண்டியில் பாயை விரித்து அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, இப்போதே ஆபரேஷன் செய்தாக வேண்டும், அவளுடைய ரத்த வகை இங்கே ஒரு பாட்டில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். அதே வகை அவள் தம்பி சுப்பிரமணிக்கு உண்டு. அவன் பத்துப் பதினைந்து மைல் தள்ளி ஏலூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள், ஆனால் பந்த் அன்று அவன் எப்படி வருவான்? கூடியிருந்த எல்லோரும் என் ஜீப்பை எடுக்கத்தான் சொன்னார்கள். என் ஜீப்போ வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

"நீ ஓடிப்போய் வண்டிய சரியாக்கு. இவிட நானுண்டு" என்றார் சேட்டன்.

ஓடினேன். பழையதையே திருப்பி மாட்டலாமா என்றால் அதன் அடியில் வைக்கிற கேஸ்கட் அட்டையைக் கிழித்து எறிந்திருந்தேன். புதியதையே மாட்டினேன். அவசரத்தில் ஒரு நட்டு சாக்கடையில் விழுந்தது, துழாவி எடுத்தேன். சாவியைத் திருகிவிட்டு முன்பக்கம் வந்து இஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் பிடித்தது, பிடித்து இருமியது, நின்றுவிடும் போல இருந்தது. பழக்கதோஷம், வாய் தானாகக் கத்தியது.

"கூட்டு!"

'ம்' என்று ஒரு உறுமல். அப்புறம் சீராக ஏறியது.

நம்புங்கள், அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. திருகாணியை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்தேன். "விடு" என்றேன், இறங்கியது. "இன்னும் கொஞ்சம்" என்றேன், 'ம்', ஏறியது. காற்று ஒழுகினால் இஞ்சின் தானாக ஏறும் என்பீர்கள். எனக்குத் தெரியாதா? ஒழுகல் சொன்ன சொல் கேட்குமா? ஓட்டம் சீரானபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாததை அந்த பானெட்டுத் தகரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"காலையில உன்னை மிதிக்கச் சொன்னது தப்பு, கோமதி. என்னை மன்னிச்சிரு."

நான் கூட்டச் சொல்லவில்லை. இஞ்சின் ஒரே ஒரு தடவை உறுமியது. 'ம்.'

அப்போதுதான் நான் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. பானெட்டைத் தள்ளிச் சாத்தப் போனேன். ஓரத்தில் ஆக்ஸிலேட்டர் கம்பி, வாழைநாரில் கட்டியபடியே, அவள் போட்ட முடிச்சோடு கிடந்தது. நான் அதைக் கார்பரேட்டரில் மாட்டவே இல்லை. ஒருவர் இல்லை, பத்துப் பேர் ஏறி மிதித்திருந்தாலும் இஞ்சினுக்குத் தெரிந்திருக்காது. சாத்திவிட்டுப் பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை.

நின்று பயப்பட நேரம் இல்லை. நாரை அறுத்து, சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கார்பரேட்டரோடு இணைத்து, ஒரு அட்டையில் 'ஆஸ்பத்திரி' என்று கரியால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு இடத்தில் பந்த்காரர்கள் மறித்தார்கள், படித்துவிட்டு வழி விட்டார்கள். சுப்பிரமணி கம்பெனி வாசலில் காத்திருந்தான். வண்டி ஒரு இடத்தில்கூட இருமவில்லை. அவனுடைய ரத்தம்தான் அவளைத் திருப்பித் தந்தது.

மூன்றாம் நாள் கண் விழித்து நன்றாகப் பேசினாள்.

"வண்டி ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"வலது கால் மரத்துப் போச்சு. போதும்னு சொல்லவே இல்லையே நீங்க."

காலையில் மிதித்ததைத்தான் சொல்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நீங்களும் அதைத்தான் சொல்லப் போகிறீர்கள். ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சிரித்தாள்.

"மன்னிப்புக் கேக்கறதுக்கு பானெட்டத் தூக்கணுமாக்கும்?"

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால், "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று என்னையே கேட்டாள். இன்றுவரை அதே பதில்தான். ஜீப்பும் போய்விட்டது. ஆனால் ஒன்று மட்டும் நிற்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் கோமதியின் வலது பாதம் மெல்ல ஒரு தட்டுத் தட்டும், அப்புறம் அப்படியே அழுந்திக்கொண்டு நிற்கும். நான் பக்கத்தில் போய்க் காதோடு "போதும்" என்பேன். விட்டுவிடுவாள். ஒரு நாள் வேண்டுமென்றே சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம், அந்தக் காலை அவள் எடுக்கவே இல்லை.