சொதிக்கு எத்தனை தேங்காய்?

1

"டாக்டரம்மா, அவிய சாப்பிட மாட்டேங்காவ. செவத்தப் பாத்தே படுத்துக் கெடக்காவ. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கோமதியக்கா கேட்டதில்லை. அவருடைய கணவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் பேர்பெற்ற கல்யாண வீட்டுச் சமையல்காரர். மச்சிலிருந்து அண்டாவை இறக்கும்போது ஏணி சரிந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. எங்கள் பாஷையில் கம்ப்ளீட் பேராப்ளீஜியா.

மூன்று வாரமாக என் வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைத்தோம்; பெட்ஸோர் என்கிற படுக்கைப்புண் வரவில்லை. மூட்டுகள் இறுகவில்லை. சார்ட்டில் எல்லாம் சரி, ஆள்தான் சரியில்லை. முதலில் பேச்சை நிறுத்தினார், பிறகு சாப்பாட்டை. சாப்பிடாவிட்டால் உடம்பு கரையும், புண் வரும். புண் முற்றினால் உயிரோடு வீடு போய்ச் சேருவது சந்தேகம்.

2

அவரைப் பார்க்க வந்தவர்கள் துட்டி கேட்க, அதாவது இழவு விசாரிக்க, வந்த மாதிரிதான் வந்தார்கள். கட்டிலோரம் நின்று, அவர் காதுபடவே, "எப்படி ஓடியாடித் திரிஞ்ச மனுசன், இப்படிக் கெடக்காரே" என்று கோமதியக்காவிடம் மூக்கைச் சிந்திவிட்டு, பழத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? தினமும் அவர் காலை மடக்கி நீட்டிக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணாச்சி, நடந்துருவீங்க" என்றேன். பெரிய டாக்டரின் உத்தரவு அது. "உண்மையச் சொன்னா மனசு ஒடிஞ்சுரும்மா, தெம்பாப் பேசு" என்பார்.

அன்றும் அதையே சொன்னேன். அண்ணாச்சி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"யம்மா, நான் நடக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். நீ பொய் சொல்லுதன்னும் தெரியும். டாக்டரு சொல்லுததும் பொய்தான், எம் பொண்டாட்டி சொல்லுததும் பொய்தான். அப்போ நான் யார்கிட்டத்தான் பேச?"

வெட்கமாகப் போய்விட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஆமா அண்ணாச்சி, நடக்க மாட்டீங்க. ஆனா உக்காரலாம். வீல்சேர்ல எங்க வேணா போலாம். கை ரெண்டும் நல்லா இருக்கு. இது பொய்யில்ல" என்றேன்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் எழுந்து போகவில்லை. பெரிய டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. மறுநாள் காலையில் ஒரு இட்லி சாப்பிட்டார். ஒன்றுதான்.

3

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைக்க வேண்டும்; தேங்காய்ப்பாலில் காய் போட்டு வைக்கிற எங்கள் ஊர்க் குழம்பு. வீட்டில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, கைக்கு எக்சர்சைஸ் கொடுக்கும்போது அவரிடமே கேட்டேன். "அண்ணாச்சி, முந்நூறு பேருக்குச் சொதின்னா எத்தன தேங்கா?"

பதில் வராது என்றுதான் நினைத்தேன்.

"மாப்பிள்ள வீட்டு ஆளுக எந்த ஊரு?"

"நாங்குநேரி."

"அப்போ கூடுதலாவே போடு, சொதின்னா அவிய ரெண்டு தடவ கேப்பாவ" என்றார். "தேங்காய விடு. மொதப் பாலு எப்ப ஊத்துவாங்க உங்க வீட்ல?"

"காய் வெந்ததும் ஊத்திக் கொதிக்க..."

"கொதிக்கவா? திரிஞ்சுல்லா போவும்! மூணாம் பால்ல காயப் போட்டு வேகவச்சு, கடைசியா மொதப் பால ஊத்திச் சூடேறவும் எறக்கிரணும். எலுமிச்சம்பழம் பிழியுதது ஆறுன பொறவுதான். எந்தத் தடியன் உங்க வீட்ல சமைக்கான்?"

கோமதியக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். திட்டு விழுந்ததில் அப்படியொரு சந்தோஷம்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய். சுவரைப் பார்த்துப் படுத்த நாட்கள் பிறகும் வந்தன. நடக்க முடியாததைவிட அவரை அரித்தது வேறு. "பந்தி நடக்குத எடத்துல மூத்திர வாடையோட உக்காந்திருக்கவா?" என்றார். கோமதியக்கா கதீட்டர் போடக் கற்றுக்கொண்டார்; வெளிக்குப் போவதற்கு ஒரு நேரம் வைத்துப் பழக்கினோம். அது பிடிபட்ட பிறகுதான் வீல்சேரில் ஏற மனதாரச் சம்மதித்தார். பார்க்க வந்தவர்களுக்கு நானே ஒரு சட்டம் போட்டேன்: அழுவதற்கு வராண்டா, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தால் சமையலைப் பற்றி ஒரு சந்தேகமாவது கேட்க வேண்டும்.

வார்டில் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இன்றும் இதைத்தான் சொல்கிறேன். ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். நீ பொய் சொல்லாதே. அவருக்குத் தெரிந்து உனக்குத் தெரியாத ஒன்றைக் கேள்.

தை மாதம் என் மறுவீட்டுக்குச் சொதி வைத்தது அவர்தான். அடுப்பு போட்டிருந்த கொட்டகையில் வீல்சேரில் உட்கார்ந்து, நாலு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்த நெலமையிலயா..." என்று கண்ணைத் துடைத்தபடி பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்தார்.

அண்ணாச்சி கரண்டியைக் குறுக்கே நீட்டினார். "அங்கன தள்ளி நின்னு அழும்வே. உப்பு ஏற்கெனவே போட்டாச்சு."